மூடி வைத்த புகை

இக்னேசியஸுக்கு மூடியைக் கண்டால் ஆகாது. சோற்றுப் பானை, தபால் உறை, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் மடியில் வைத்திருக்கும் பார்சல், எதுவானாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். இசபெல் அடுப்பில் உலை வைத்துவிட்டு விறகெடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் நாலு தடவை மூடியைத் தூக்கி ஆவியையெல்லாம் வெளியே விட்டிருப்பான். பிறகு சாப்பிட உட்கார்ந்து, "என்ன, நடுவுல அரிசியா இருக்கு?" என்று அவனே கேட்பான். இசபெல் அந்த அரிசியை மென்று விழுங்கிவிட்டு எழுந்து போய்விடுவாள். இப்படிப்பட்ட புருஷனோடு குடித்தனம் நடத்த அவளைப் போல ஒருத்தியால்தான் முடியும்.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அவர்கள் இருந்த காம்பராவுக்கு ஒரு நல்ல பூட்டு இருந்தது. சாவியைத் திருப்பும்போது உள்ளே ஒரு சத்தம் கேட்கிறதே, அது எதனால் வருகிறது என்று பார்க்க வேண்டும் என்று இக்னேசியஸுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோன்றிவிட்டது. பூசைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து பூட்டைக் கழற்றினான். சத்தம் எதனால் வருகிறது என்று கண்டுபிடித்தான். திரும்பச் சேர்க்கும்போது ஒரு சின்னச் சுருள்கம்பி மிஞ்சி, அதுவும் படியிடுக்கில் விழுந்து தொலைந்தது. அன்றிலிருந்து அந்தப் பூட்டு தொங்கும், பூட்டாது. இழுத்தால் கையோடு வந்துவிடும். "அடுத்த வாரம் சரி பண்ணித் தர்றேன்" என்றான். அந்த அடுத்த வாரம் வருஷக்கணக்காக வரவில்லை. இசபெல் பூட்டையும் சாவியையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்துவிட்டு, கதவைக் கம்பியால் முறுக்கிக் கட்டப் பழகிக்கொண்டாள். புருஷன் இரும்புப் பட்டறைக்காரன், வீட்டுக் கதவுக்குக் கம்பி என்று லயமே சிரித்தது.

இருப்புக் கொள்ளாத பிறவி அவன். நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற தோட்டத்தில் பிறந்தான். வயது வந்ததும் தோட்டத்தில் பேர் பதியச் சொன்னார்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் போய் வரிசையில் நின்று, கங்காணி கைகாட்டுகிற மலைக்கு வேலைக்குப் போவது தன்னால் ஆகாது என்று அன்றே சொல்லிவிட்டான். அட்டனில் ஒரு பட்டறையில் வெல்டிங் பழகினான். இசபெல்லைக் கட்டினான். கட்டிய சூடு ஆறுமுன் கொழும்புக்குப் போனான். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி, சண்டைக் காலம். தமிழ்ப் பேர் உள்ளவனை மூலைக்கு மூலை நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள். ஒருதரம் பிடித்துக்கொண்டு போய் ஒரு வாரம் வைத்திருந்தார்கள். அப்படியும் இரண்டு வருஷம் அங்கேயே பட்டறை மாறிப் பட்டறை திரிந்தான். நத்தார் பண்டிகைக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை. பிள்ளையும் இல்லாத வீடு. இசபெல் தனியாகக் கொழுந்து பறித்து, தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டாள். ஒருநாள் அவன் பையோடு வந்து வாசலில் நின்றபோது, இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை, இப்போது ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. அரிசியில் இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டாள், அவ்வளவுதான்.

வந்தவன் நோர்வூட் கடைத்தெருவின் கடைசியில், ஆறு பார்த்துச் சரியும் நிலத்தில் ஒரு தகரப் பட்டறை போட்டான். பக்கத்தில் பியதாச முதலாளியின் பேக்கரி. இரண்டு சுவருக்கும் நடுவில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. சிலிண்டர் காஸ் வாங்க முடியாத பட்டறைகளில் அன்றைக்கு கார்பைட் கல்தான். ட்ரம்மில் தண்ணீர் ஊற்றிக் கல்லைப் போட்டால் காஸ் கிளம்பும். காஸ் எல்லாம் எரிந்து தீர்ந்த பிறகு அடியில் வெள்ளைச் சேறு மிஞ்சும். வெள்ளைப்பூடு அழுகிய மாதிரி ஒரு வாடை, கையில் பட்டால் தோல் உரியும். அதை அள்ளி அள்ளிப் பட்டறைக்குப் பின்னால் கொட்டினான். நாலைந்து வருஷத்தில் அது ஆள் உயரக் குவியலாகிவிட்டது. மழை பெய்தால் கரைந்து வடிகானில் இறங்கி, அந்தக் கான் வழியாகத் தோட்டத்தின் கீழ் டிவிசனுக்குப் போகிற ஓடையில் கலந்தது. "இசபெலு, உன் புருஷன் ஆத்துல பால் விட்டிருக்காரு பாரு" என்று மலையில் பெண்கள் கேலி பேசினார்கள். கேலியில் தொடங்கியது கேலியில் முடியவில்லை. அந்த ஓடையில் துணி துவைத்தவர்களுக்குக் காலெல்லாம் கொப்பளம் போட்டது.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு மாசி மாதத்தில் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சிங்களத்தில், குரலை உயர்த்தாமல், உள்ளதைச் சொன்னார். இந்தக் குவியல் இங்கிருந்து போக வேண்டும். இனிமேல் வருகிற சேறும் ஓடைக்குப் போகாது என்று காட்ட வேண்டும். தோட்டத்து நிலத்திலும் கொட்டக் கூடாது, ஆற்றிலும் கொட்டக் கூடாது. "வைகாசியில் வெசாக் பண்டிகை முடிந்து வருவேன். அப்போதும் இப்படியே இருந்தால் பட்டறையை மூட வேண்டியதுதான், தம்பி."

விதியைப் பாருங்கள், அதே மாதம்தான் சண்டை நிறுத்தமும் வந்தது. கொழும்பில் இருந்த பழைய கூட்டாளி சுகந்தன் கடைத்தெருத் தொலைபேசிக் கடைக்கு அழைப்பு எடுத்து இக்னேசியஸைக் கூப்பிடச் சொன்னான். "சமாதானம் வந்துருச்சுடா. இப்ப எவனும் நிறுத்திக் கேக்கிறதில்ல. பட்டறைய பெருசாக்கிட்டேன். வா. சும்மா அந்தக் குளிருக்குள்ள கெடந்து என்னத்த பண்ணப் போற?"

பட்டறை மூடினால் இக்னேசியஸ் கொழும்புக்குப் போவான். பெரட்டுக்கு மட்டும் போகமாட்டான். இசபெல் கூடப் போக முடியாது. அவளுடைய பேர் தோட்டத்தில் இருக்கும்வரைதான் அந்தக் காம்பரா. இந்தத் தடவை போனால் அவன் திரும்பி வரமாட்டான் என்று இசபெல்லுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மாசி, பங்குனி இரண்டு மாதமும் அந்தப் பேச்சுத்தான் காம்பராவுக்குள் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது.

முதலில் சேற்றை லயங்களுக்கு வெள்ளையடிக்கக் கொடுத்துப் பார்த்தான். எத்தனை சுவருக்குத்தான் அடிப்பது? பிறகுதான் கல் அறுக்கும் யோசனை வந்தது. சேற்றோடு பேக்கரிச் சாம்பலும் கல்லுடைக்கிற இடத்துத் தூளும் கலந்து, பழைய தகட்டில் செய்த அச்சில் போட்டு மிதித்தான். அழகான கல் வந்தது, ஆனால் பச்சைக் கல். அதை இறுக வைக்க வேண்டும்.

இங்கேதான் அவன் தப்புப் பண்ணினான். அந்தத் தப்பைத் தேயிலை நாட்டுக்காரனைத் தவிர வேறு எவனும் பண்ணியிருக்கமாட்டான். பிறந்ததிலிருந்து இந்த மலையில் நாம் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஈரம் எதிரி. கொழுந்தை வாட்டு, காய வை. உடுப்பை அடுப்புக்கு மேல் கொடியில் போட்டுக் காய வை. விறகைக் காய வை. ஈரமாக இருப்பதெல்லாம் கெட்டது, காய்ந்ததெல்லாம் நல்லது. இக்னேசியஸும் அப்படியே நினைத்தான். தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலையைக் காய வைக்கிற இயந்திரத்தின் தட்டுகளை அவன்தான் ஒட்டிக் கொடுப்பான். அந்த உரிமையில் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரிடம் கெஞ்சி, அடுப்பறை ஓரத்தில் அனல் அடிக்கிற இடத்தில் கற்களை அடுக்கினான். இரண்டு நாளில் சருகாகக் காய்ந்தன. தட்டினால் டங் என்றது. இக்னேசியஸ் தரையில் நிற்கவில்லை. பியதாச முதலாளியின் விறகுக் கொட்டகைக்கு அந்தக் கற்களாலேயே ஒரு சுவர் கட்டிக் கொடுத்தான். போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

பங்குனி நடுவில் ஒரு பின்னேர மழை, அரை மணி நேரம்கூட இல்லை. சுவர் அப்படியே இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பியதாச முதலாளி குடையோடு வந்து நின்று பார்த்தார். நல்ல மனிதர், கோபிக்கவில்லை. "தேத்தண்ணியில் தோய்த்த ரஸ்க் மாதிரி ஆகிவிட்டதே, தம்பி" என்றார் சிங்களத்தில். கடைத்தெரு முழுக்க அந்தப் பேச்சு ஓடியது. அன்று முதல் இக்னேசியஸ் போகிற இடமெல்லாம் யாராவது ஒருவன் ரஸ்க் விலை கேட்டான். அவனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அன்றே தொலைபேசிக் கடைக்குப் போய்ச் சுகந்தனுக்கு எடுத்து, "வெசாக் முடிய வர்றேன்டா" என்று சொல்லிவிட்டான். வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமலே இசபெல்லுக்குத் தெரிந்துவிட்டது. அவன் பழைய பையை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டியிருந்தான். பை தூசி இல்லாமல் தொங்கியது.

இரண்டு நாள் கழித்து ஒரு லொறி பட்டறைக்கு வந்தது. சரிவில் நின்றதால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு கல் வேண்டியிருந்தது. இக்னேசியஸ் சந்துக்குள் கையை விட்டு அகப்பட்டதை இழுத்துக் கொடுத்தான். லொறி பின்னால் வந்து அதன்மேல் ஏறி நின்றது. வேலை முடிந்து லொறி போன பிறகுதான் கவனித்தான். அது அவனுடைய கல். காய வைக்க இடம் போதாமல், மூலை உடைந்ததென்று மாசியில் சந்துக்குள் தூக்கி எறிந்த பச்சைக் கல். லொறி ஏறியும் நொறுங்கவில்லை. சந்துக்குள் போய்ப் பார்த்தான். பேக்கரிப் புகைக்குழாய் அடியில் துருவேறி ஓட்டையாகிக் கிடந்தது. புகையெல்லாம் சந்துக்குள்ளேயே படிந்து நின்றது. கூரைத் தகரத்திலிருந்து பனி சொட்டியது. அந்த ஈரத்திலும் புகையிலும் கிடந்த உடைசல்கள் எல்லாம் சம்மட்டிக்கும் பணியவில்லை.

அவனுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அந்த வாரம் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தின் இரும்புத் தாங்கிகளை ஒட்டுவதற்காக ஜெகதீஸ்வரி டீச்சர் பட்டறைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இரசாயனவியல் படிப்பிக்கிறவர். இக்னேசியஸ் தாங்கியை மறந்துவிட்டு, தொழிற்சாலையில் காய வைத்த கல் கரைந்த கதையைச் சொல்லி, இந்தக் கல்லைத் தூக்கி அவர் கையில் வைத்தான். டீச்சர் அதைப் பையில் போட்டுக்கொண்டு போய், அடுத்த நாள் பள்ளி விட்டதும் ஒரு சின்னப் போத்தல் அமிலத்தோடு வந்தார். கல்லை உடைக்கச் சொல்லி உடைந்த முகத்தில் இரண்டு துளி விட்டார். சோடாப் போத்தலைத் திறந்த மாதிரிப் பொங்கியது.

"இதை எங்க காய வைச்சனீங்கள்?"

"காய வைக்கவே இல்லைங்க டீச்சர். இந்தச் சந்துல தூக்கிப் போட்டதுங்க."

"அதுதான். காய வைச்சிருந்தால் இது கல்லாகியிராது. உங்கட சேறு காபனீரொட்சைட்டை, அந்தக் கரியமில வாயுவை இழுக்கும். புகையில அது கனக்க இருக்கு. ஆனா ஈரம் இருந்தால்தான் இழுக்கும். ஈரம் போச்செண்டால் அதோட நிண்டிடும். நீங்கள் தொழிற்சாலையில வைச்சு ஈரத்தைத்தான் முதல்ல போக்கியிருக்கிறியள்."

"அப்ப புகையத் தின்னுட்டா கல்லாச்சு?"

"ஓம். இப்ப பொங்கினது அந்தத் தின்ன புகைதான். நானா அமிலம் விட்டபடியால் வந்தது. மற்றப்படி உள்ள போனது வெளியில வராது." டீச்சர் புகைக்குழாயை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "உலகமெல்லாம் உந்தப் புகையை எங்க கொண்டுபோய் வைக்கிறதெண்டு தெரியாம மாநாடு கூட்டுறாங்கள். நீங்கள் பேக்கரிச் சந்துக்குள்ள வைச்சிருக்கிறியள்."

உலகத்தின் கவலை இக்னேசியஸுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. வெசாக்குக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதுதான் கவலை. "எவ்வளவு நாள் வச்சா முழுசா இறுகும் டீச்சர்?" என்று கேட்டான்.

"அது எனக்குச் சொல்லேலாது. புத்தகத்தில இப்பிடிச் சந்து இல்லைத்தானே. ஒரு மாசமெண்டாலும் விட்டுப் பாருங்கோ. மூடி, அப்பிடியே விடோணும்."

மூடி அப்படியே விட வேண்டுமாம். யாரிடம் போய் யார் சொன்ன வார்த்தை!

அந்தச் சந்துக்கு இரண்டு பக்கமும் தகரம் அடித்து அறையாக்கினான். பழைய எண்ணெய் ட்ரம்களை வரிசையாக ஒட்டிப் பேக்கரிப் புகையில் பாதியை அதற்குள் இழுத்தான். புகை சூடாகப் போனால் திரும்பவும் காய்ந்துவிடும் என்பதால், வழியில் நனைந்த சாக்குகளைத் தொங்கவிட்டுக் குளிரப் பண்ணினான். எல்லாம் சரியாகத்தான் செய்தான். கற்களை அடுக்கிக் கதவைச் சாத்தினான். மறுநாள் பின்னேரம் திறந்து பார்த்தான்.

மறுநாளும் பார்த்தான். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து ஒருதரம் பார்த்தான். திறந்த நேரமெல்லாம் புகை சந்திலிருந்து ஆற்றுப் பக்கம் போனது. சாக்கு காய்ந்தது. வெளியில் தெரிவது போதாதென்று தினம் ஒரு கல்லை உடைத்து உள்ளே எவ்வளவு தூரம் இறுகியிருக்கிறது என்று வேறு பார்த்தான். ஓரத்தில் விரல் அளவு கல், நடுவில் களி. நேற்றும் விரல் அளவுதானே என்று இன்னொன்றை உடைத்தான். சித்திரை பிறந்தபோது முதல் அடுக்கில் முழுக்கல் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. ஒருத்தன் பார்த்துப் பார்த்தே ஒரு சூளையைத் தின்று தீர்க்க முடியும் என்று அன்றைக்குத்தான் கடைத்தெரு கண்டது.

அன்று மலையிலிருந்து நேராக இசபெல் பட்டறைக்கு வந்தாள். இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை. உடைத்துப் போட்ட கற்களைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"இன்னும் எத்தனை அடுக்கு போட நாள் இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதான். வெசாக் வரைக்கும் அது ஒண்ணுதான்."

"குவியல் முழுக்க அந்த ஒண்ணுல போகுமா?"

"சந்து முழுக்க அடுக்கினா போகும்."

"அப்ப போடுங்க. போட்டுட்டு நீங்க கதவத் தொடாதீங்க. நான் பூட்டிக்கிறேன். சாக்கு நனைக்கிற தண்ணிய மேல இருந்து ஊத்திக்கலாம், கதவ திறக்க வேணாம்."

ஒரு வாரம் இரண்டு பேரும் சேர்ந்து கல் அறுத்தார்கள். அவள் மலை முடிந்து வந்து கலக்கினாள், அவன் மிதித்தான். அவள் கையெல்லாம் உரிந்து போனது, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போனாள். குவியல் முழுவதும் சந்துக்குள் போனதும் இசபெல் கதவைச் சாத்திப் பூட்டை மாட்டினாள். மழைக்கு நனையாமல் இருக்க எல்லாரும் செய்கிற மாதிரி ஒரு பொலித்தீன் பையைப் பூட்டின்மேல் போட்டு நூலால் இறுக்கிக் கட்டினாள். அந்த முடிச்சு கொழுந்துக்காரி முடிச்சு. அவிழ்த்தால் அதே மாதிரிப் போட ஆண்பிள்ளையால் ஆகாது.

அதற்குப் பிறகு இக்னேசியஸ் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! முதல் வாரம் சந்து வாசலிலேயே நின்றான். தகரத்தில் காதை வைத்துக் கேட்டான். புகை வாடையை மோந்து பார்த்தான். பியதாச முதலாளியிடம் போய், இன்றைக்கு விறகு ஈரமா, நாளைக்குப் பாண் எத்தனை தட்டு என்று தொந்தரவு பண்ணினான். அடியில் வேகாமல் பாண் வெள்ளையாக வருகிறது, பாதிப் புகையை நீ இழுக்கிறாய் என்று அவர் முணுமுணுத்தார், ஆனால் குழாயை அடைக்கவில்லை. பிறகு அங்கே நிற்கவே முடியாமல் தூரத்து வேலைகளாகத் தேடிப் போனான். வட்டகொடை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கேட் போட்டான். திம்புள்ளப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கூரைக் கம்பி ஒட்டினான். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மனம் மட்டும் சந்துக்குள்ளேயே கிடந்தது. இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் சந்து வாசலுக்குப் போய் ஒருதரம் நின்றுவிட்டுத்தான் ஏறிப் போவான்.

வெசாக்குக்கு ஒரு வாரம் இருக்கையில் சுகந்தன் திரும்பவும் எடுத்தான். "என்னடா, வர்றியா இல்லையா? இல்லேன்னா வேற ஆளப் போட்டுக்கிறேன். உறுதியாச் சொல்லு." "நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு, இக்னேசியஸ் நேரே பட்டறைக்கு வந்து இரும்பு வெட்டும் கத்திரியை எடுத்தான். பட்டப்பகல். இசபெல் மலையில் இருந்தாள். பேக்கரியில் எல்லாரும் வெசாக்குக்கு விளக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே அழுத்து, பூட்டு துண்டாகும். உள்ளே ஒரே ஒரு கல்லை உடைத்துப் பார்த்தால் போதும், சுகந்தனுக்குப் பதில் சொல்லிவிடலாம்.

கதவுக்கு முன்னால் நின்றான். பொலித்தீனில் மழைத்துளி நின்றது. அந்த முடிச்சைப் பார்த்தான். இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்குத் திறந்தால் நடுவில் களியாகத்தான் இருக்கும், அது அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஏன் கத்திரியோடு வந்து நிற்கிறான்? களியைக் கண்டால் பையைத் தூக்க ஒரு காரணம் கிடைக்கும். கல்லுக்காக வந்து நிற்கவில்லை, காரணத்துக்காக வந்து நிற்கிறோம் என்று தெரிந்தபோது அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. கொழும்புக்குப் போனபோதும் இப்படித்தான் ஏதோ ஒன்றைத் திறந்து பார்த்து, அதையே காரணமாக்கிக்கொண்டு போனான். கத்திரியைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் மாட்டினான். பேக்கரிக்குப் போய் சீனி தூவிய கிம்புலா பணிஸ் ஒன்று வாங்கி, சந்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றான். சுகந்தனுக்கு அடுத்த நாளும் எடுக்கவில்லை, அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை.

வெசாக் முடிந்து மழையில் நனைந்த கூடுகள் பேக்கரி வாசலில் தொங்கிக்கொண்டிருந்தபோது பரிசோதகர் வந்தார். இசபெல் அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். பின்னால் குவியல் இருந்த இடம் வெறும் தரையாக இருப்பதைப் பரிசோதகர் பார்த்தார். "எங்கே கொட்டினாய்?" என்றார் சந்தேகத்தோடு. இக்னேசியஸ் சந்துப் பக்கம் கைகாட்டினான்.

இசபெல் முடிச்சை அவிழ்த்து, பொலித்தீனை உருவி, பூட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு கதவை இழுத்தாள். புகை குபுகுபுவென்று வந்தது. அது கலையும்வரை எல்லாரும் தள்ளி நின்றார்கள். பிறகு இக்னேசியஸ் உள்ளே போய், நடு அடுக்கில் நடுவில் இருந்த கல்லைத் தூக்கி வந்தான். பரிசோதகர் அதைத் தண்ணீர் வாளியில் போடச் சொன்னார். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேக்கரிக்காரரோடு பேசிக்கொண்டு நின்றார். வாளித் தண்ணீர் கலங்கவில்லை. கல்லை எடுத்துச் சம்மட்டியால் அடிக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஓரமும் நடுவும் ஒரே நிறம். களி என்று ஒரு விரல் அளவுகூட இல்லை.

பரிசோதகருடைய மோட்டார் சைக்கிளின் தாங்கி சேற்றில் புதைந்து வண்டி சாய்ந்துகொண்டிருந்தது. பிளந்த பாதியை எடுத்துத் தாங்கிக்கு அடியில் வைத்தார். வண்டி நேராக நின்றது. "ஹரி, சரி" என்றார். "இனி வருகிற சேற்றையும் இப்படியே செய். ஓடைக்கு ஒரு துளி போனதாகக் கேள்விப்பட்டால் திரும்பி வருவேன்." அவர் திரும்பி வரவேண்டியிருக்கவில்லை. பியதாச முதலாளியின் விறகுக் கொட்டகைக்கு இரண்டாவது சுவரும் அந்தக் கற்களால்தான் எழும்பியது. ரஸ்க் விலை கேட்டவர்கள் கான் கட்டவும் படி கட்டவும் கல் விலை கேட்டு வந்தார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று எல்லாரும் கலைந்து போன பிறகு இக்னேசியஸ் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தான். இசபெல் மடியிலிருந்து பூட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அவன் கை தன்பாட்டில் அதை எடுத்தது. புரட்டிப் பார்த்தான். இழுத்தான். கையோடு வந்தது.

"இது நம்ம காம்பரா பூட்டுல்ல?"

"ஆமா."

"பூட்டவே பூட்டாதே இது."

"ஆமா. நீங்கதானே கழட்டினீங்க."

அத்தனை நாளும் அந்தக் கதவு திறந்துதான் கிடந்திருக்கிறது. ஒரு விரலால் இழுத்திருந்தால் போதும். கத்திரிகூட வேண்டியிருந்திருக்காது.

"நான் திறந்திருந்தா?" என்றான்.

"திறந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"என்னா?"

"நீங்க இருப்பீங்களா, போயிருவீங்களானு." இசபெல் உரிந்த உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "உங்கள உள்ள வச்சுப் பூட்ட என்கிட்ட என்ன பூட்டு இருக்கு? போறதுனா போங்கன்னுதான் தொங்கவிட்டேன். போயிருந்தீங்கன்னா, அரிசியில ஒரு பிடி கொறச்சுப் போட்டிருப்பேன்."

இக்னேசியஸ் அழுதான். கடைத்தெருவில், பட்டப்பகலில், பேக்கரிக்காரர்கள் பார்க்க அழுதான். இசபெல் அவனைத் தேற்றவில்லை. பக்கத்தில் நின்றாள். அழுது முடித்து அவன் எழுந்து தொலைபேசிக் கடைக்குப் போய், சுகந்தனிடம் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தான். வந்து, மெல்லிய கம்பித் துண்டு ஒன்றைச் சுருட்டிப் பூட்டுக்குள் வைத்துப் பொருத்தினான். வீட்டுக்குப் போய் டின்னில் கிடந்த சாவியைப் போட்டுத் திருப்பினான். பழைய சத்தம் கேட்டது. சாவியை அவள் கையில் கொடுத்தான்.

இசபெல் உலை வைத்தாள். இரண்டு பேருக்கும் அளந்து அரிசி போட்டு மூடிவிட்டுக் குழம்புக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். இக்னேசியஸ் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தான். தண்ணீர் கொதித்து மூடி கடகடவென்று ஆடியது. ஓரத்தில் நுரை தள்ளி அடுப்பில் சொட்டிச் சுர்ரென்றது. அவன் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து நெரித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தான்.

அன்று சோறு நடுவிலும் வெந்திருந்தது.